ஆயிரம் சாட்சி, ஒரே வாக்குமூலம்

"துப்பினது யாரு?" என்று கேட்டார் பெனுசி மேடம்.

சுவரில் பித்தளைப் பெயர்ப்பலகை இருந்தது. 'சவேரியோ கோசுத்தா, முதலீட்டுக் கணிப்பாளர்' என்ற எழுத்துகளின் மேல் எச்சில் வழிந்து காய்ந்திருந்தது.

"யாரு துப்பலைன்னு கேளுங்க, அது சுலபம்," என்றாள் நெவியா. "அதுல எங்கப்பாவோடதும் இருக்கு."

நெவியா எங்களை அமர்த்தியவள், சவேரியோவின் மனைவி, ஓய்வு பெற்ற துறைமுகத் தொழிலாளியின் மகள். இதே அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்கிறாள். த்ரியெஸ்தே துறைமுகத் தொழிலாளர்களின் ஓய்வூதியப் பணம் முழுவதையும் பாதுகாக்கிற இடம் இது. பாதுகாத்த லட்சணம் ஊருக்கே தெரியும். போன குளிர்காலத்தில் பாதிக்கு மேற்பட்ட பணத்தை கட்டடம் வாங்கி விற்கிற ஒரே ஃபண்டில் போட்டார்கள். ஜூன் மாதம் அந்த ஃபண்ட் மண்ணைக் கவ்வியது. முதுகொடிய மூட்டை தூக்கிய கிழவர்களுக்கு ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு போயே போச்சு.

கட்டட ஃபண்டில் போடச் சொன்னது சவேரியோவின் கணக்கு. லஞ்சம் வாங்கிக்கொண்டுதான் சொன்னான் என்று நிர்வாகக் குழு முடிவு கட்டியிருந்தது. இன்று மாலை கூடி, அவனை அரசு வழக்கறிஞரிடம் ஒப்படைக்கப் போகிறார்கள். அதற்குள் அவன் திருடன் இல்லை என்று நாங்கள் காட்டியாக வேண்டும்.

நாங்கள் என்றால், பெனுசி மேடமும் அவருடைய உதவியாளனான நானும். என் பெயர் டுல்லியோ. மேடம் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் க்ளெய்ம்களை மோப்பம் பிடித்து ஓய்ந்தவர், இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். யாரையும் நம்பமாட்டார். என்னை நம்புவது மாதிரி நடிப்பார், அந்த மரியாதைக்காகத்தான் நான் இன்னும் இருக்கிறேன்.

வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்ட இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. ஒன்று முந்தின வருஷத்துக் கணிப்பு. தெருவிளக்கைச் சுற்றும் கொசுக்கூட்டம் மாதிரி கோடுகள் மேலும் கீழுமாக அலைந்தன. மற்றது போன குளிர்காலத்தில் போட்டது. அதில் ஒரே ஒரு கோடு, அழகாக வளைந்து மேலே ஏறியது.

"மேடம், முதல் படம் வரைஞ்சப்போ அந்த ஆளுக்குக் கை நடுக்கம்," என்றேன். "ரெண்டாவது வரையறதுக்குள்ள குடியை விட்டிருக்கான்."

மேடம் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காவிட்டால் ஏதோ உறுத்துகிறது என்று அர்த்தம்.

"ரெண்டும் ஒரே முறைதானாம்மா?" என்று நெவியாவைக் கேட்டார்.

"ஒரே முறைதான். பத்து வருஷத்துல ஒவ்வொரு மாசமும் பங்கு எவ்வளவு ஏறுச்சு, தங்கம் எவ்வளவு இறங்குச்சு, எல்லாம் எங்ககிட்ட இருக்கு. ஆனா நடந்தது ஒரே ஒரு பத்து வருஷம். அதை மட்டும் நம்பி, இதுதான் நல்ல முதலீடுன்னு சொன்னா ஆபத்து. குருட்டு அதிர்ஷ்டத்துல நல்லா ஓடினதா இருக்கலாம். அதனால அந்த மாசங்களையெல்லாம் கலைச்சுப் போட்டு, நடந்திருக்கக்கூடிய ஆயிரம் சரித்திரத்தை உண்டாக்குவோம். ஒவ்வொண்ணுக்கும் எது சிறந்த பங்கீடுன்னு பார்த்து, அதை ஒரு கோடா போட்டு, கடைசியில சராசரி எடுப்போம்."

"அப்ப ரெண்டாவது படத்துல ஆயிரம் கோடு எங்க?"

"எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா விழுந்திருக்கு," என்றாள் நெவியா. அவ்வளவு துக்கத்திலும் அவள் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "ஆயிரத்துக்கு ஆயிரமும் ஒரே பதில்."

மேடம் கண்ணாடிக்கு மூக்கு இடிக்கிற மாதிரி நின்று அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு மாடிப்படி ஏறினார்.

* * *

இயக்குநர் எகீடியோ ரஸ்மான் எழுந்து நின்று வரவேற்றார். நல்ல கோட்டு, நல்ல காபி, மேஜையில் ஒரு தூசி இல்லை. இவருடைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போகவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"பன்றித்தொடை," என்றார் எடுத்த எடுப்பில்.

"என்ன?" என்றேன். காலையில் நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"கிறிஸ்துமஸுக்குக் கட்டட ஃபண்ட்காரங்க சவேரியோவுக்கு ஒரு முழு சான் தனியேலே பன்றித்தொடை அனுப்பியிருக்காங்க. சாட்சி இருக்கு."

"உங்களுக்கு அனுப்பலையா?" என்று மேடம் சாதாரணமாகக் கேட்டார்.

ரஸ்மான் தொண்டையைச் செருமினார். "அது... மரியாதைக்கு எல்லாருக்கும் அனுப்புவாங்க."

"உங்களோடது மரியாதை, அவரோடது லஞ்சம். சரி, வேற?"

"பித்தப்பை ஆபரேஷன்னு ஆஸ்பத்திரியில படுத்திருந்தான். அப்பவும் கணிப்பு நாள் தவறாம வந்துச்சு. கையெழுத்து அங்கிருந்து வருது! என்ன அவசரம் அவனுக்கு? யாரோ பின்னாடி நின்னு தள்ளியிருக்காங்கன்னுதானே அர்த்தம்?"

"நீங்க ஏன் சந்தேகப்படல அப்போ?"

"எதை சந்தேகப்படறது? முந்தின வருஷத்துப் படம் குழப்பம். இதுல கொஞ்சம், அதுல கொஞ்சம்னு எதையும் அடிச்சுச் சொல்லாது. இந்த வருஷம் ஆயிரத்துக்கு ஆயிரம்! குழுவுல கைதட்டினாங்க, தெரியுமா? சட்டம் போடச் சொன்னதே நான்தான்." கொஞ்சம் நெகிழ்ந்தே போனார். "நெவியாதான் வந்து விளக்கினா. தோம்போலாப் பையையே கொண்டு வந்துட்டா. கிறிஸ்துமஸுக்குத் துறைமுகச் சங்கத்துல வருஷா வருஷம் பையில கைவிட்டு நம்பர் எடுத்துக் கூவறவ அவதானே. ஒவ்வொரு வில்லையும் ஒரு மாசம்னு சொல்லி, எடுத்து எடுத்து மேஜையில அடுக்கிக் காட்டினா. குழுவுல இருக்கற கிழவங்களுக்கே புரிஞ்சு போச்சு."

"உங்களுக்கு?"

"எனக்கும்தான்," என்றார் ரஸ்மான், முகம் சிவந்து.

வெளியே வந்ததும் நான் மேடத்தின் காதில் சொன்னேன்: "இந்த ஆளைப் பிடிச்சு உள்ள போடலாமா? குற்றம் எதுவும் கிடைக்கலைன்னா அவர் போட்டிருக்கற கோட்டுக்காகவே போடலாம்."

"முட்டாளா இருக்கறதுக்கு இன்னும் சட்டம் வரலை டுல்லியோ. வந்தா உன்னை யார் பார்த்துக்கிறது? வா, சாப்பிடலாம்."

* * *

வேகவைத்த பன்றியிறைச்சியும் புளித்த முட்டைகோஸும் வந்தன. நான் பாய்ந்தேன். மேடம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கல்லாவிலிருந்து பத்துத் துண்டுச் சீட்டும் ஒரு பென்சிலும் வாங்கி வந்தார்.

"உன் ஃபுட்பால் டீம் கடைசியா ஆடின பத்து மேட்ச். ஒரு சீட்டுக்கு ஒரு மேட்ச். ஜெயிச்சதா தோத்ததான்னு எழுது."

"சாப்பிடும்போது அழ வைக்காதீங்க மேடம்." எழுதினேன். ஏழு தோல்வி, மூன்று வெற்றி.

அதையெல்லாம் என் தொப்பியில் போட்டுக் குலுக்கினார். "ஒண்ணொண்ணா பத்தும் எடு. எடுத்ததை மேஜையில வை."

எடுத்தேன்.

"எத்தனை ஜெயிச்சது?"

"மூணு."

"மறுபடி போட்டுக் குலுக்கு. மறுபடி பத்தும் எடு."

"மேடம், மறுபடியும் மூணுதான். வரிசை மாறும், அவ்வளவுதான். ஆயிரம் தடவை குலுக்கினாலும் அதே பத்துச் சீட்டு..." சொல்லிக்கொண்டே வந்தவன், முட்டைகோஸ் வாயில் இருக்க, அப்படியே நின்றுவிட்டேன்.

"இப்ப வேற மாதிரி," என்றார். "ஒரு சீட்டை எடு, பாரு, எழுதிக்கோ, திரும்ப உள்ளேயே போட்டுடு. குலுக்கிட்டு அடுத்தது. இப்படிப் பத்து தடவை."

இந்த முறை என் டீம் ஆறு மேட்ச் ஜெயித்தது. அடுத்த முறை ஒன்றே ஒன்று. அதற்கடுத்த முறை நான்கு. ஒரே வெற்றிச் சீட்டு மூன்று தடவை கைக்கு வந்தது, சில சீட்டுகள் வரவே இல்லை.

"இதுதான் அந்தக் கொசுக்கூட்டம்," என்றார் மேடம். "திரும்பப் போட்டாத்தான் ஒவ்வொரு சரித்திரமும் வேற வேறயா வரும். கட்டட ஃபண்டுக்கு நாலஞ்சு மாசம் நல்ல காத்தடிச்சிருக்கும். அந்த மாசங்க வராத சரித்திரங்கள்ல அது பல்லிளிச்சிருக்கும். சராசரியில அதோட பங்கு தானா குறைஞ்சிருக்கும். திரும்பப் போடலைன்னா? ஆயிரம் சரித்திரம்னு பேரு, இருக்கறது ஒண்ணுதான். நடந்த அதே பத்து வருஷம், வரிசை மட்டும் மாறி. பங்கீட்டுக் கணக்குல வரிசைக்கு மதிப்பே இல்லை."

"ஆயிரம் சாட்சி ஒரே வாக்குமூலம் கொடுத்திருக்கு."

"கமா, முற்றுப்புள்ளி மாறாம. நான் க்ளெய்ம் பார்த்த காலத்துல ரெண்டு பேர் ஒரே மாதிரி சொன்னாலே கதவைச் சாத்திட்டு விசாரிப்பேன். இங்க ஆயிரம் பேர் சொல்லியிருக்காங்க, சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க."

"அப்ப சவேரியோ சொல்லிக்கொடுத்த சாட்சிங்கதானே? மாட்டினாரு!"

"யோசி டுல்லியோ. சாட்சியைத் தயார் பண்ணத் தெரிஞ்சவன் கொஞ்சம் முன்னபின்ன சொல்ல வைப்பான். கோடு நாலு இங்க, நாலு அங்க அலைய விட்டு, கட்டட ஃபண்டை மெல்ல மேல தூக்கியிருப்பான். இவ்வளவு சுத்தமா எந்தத் திருடனும் பண்ணமாட்டான். இது திருட்டு இல்லை, தப்பு." என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் வெற்றிக்களை கொஞ்சமும் இல்லை. "யாரோட தப்புங்கறதுதான் எனக்குப் பிடிக்கல."

* * *

சவேரியோவை பார்கோலாவில் பிடித்தோம். கோடையில் ஊரே வெயில் காய்கிற கடற்கரைச் சுவரில், ஆளைத் தள்ளுகிற போரா காற்றில், தனியாக உட்கார்ந்திருந்தான். வீட்டில் இருந்தால் யாராவது வந்து கதவில் உதைக்கிறார்கள் என்றான்.

"லஞ்சம் வாங்கல," என்றான். "தப்புதான். என் தப்பு. எடுத்ததைத் திரும்பப் போடாம விட்டுட்டேன். குழுவுல அதைச் சொல்லிடறேன், விடுங்க."

கடலைப் பார்த்தபடியே மனப்பாடம் மாதிரி சொன்னான். மேடம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தனை வருஷமா இந்த முறையைப் பண்றீங்க?"

"எட்டு."

"எனக்கு ஒண்ணு புரியல, சொல்லிக்கொடுங்க. பையில நூத்திருபது மாசம் இருக்கு. ஒண்ணு எடுத்தாச்சு. இப்ப அடுத்தது எடுக்கும்போது உள்ள எத்தனை இருக்கும்?"

"நூத்திருபதுதான். அதான் திரும்பப் போட்டுட்டோமே..." என்றவன் வாயை மூடிக்கொண்டான்.

"பாருங்க," என்றார் மேடம். "பொய் சொல்லணும்னு உட்கார்ந்திருக்கீங்க, அப்பவும் தப்பா சொல்ல வரல உங்களுக்கு. இந்தத் தப்பு உங்க கைக்கு வராது. எடுத்த வில்லையைத் திரும்பப் போடக்கூடாதுன்னு கை பழகினவங்களுக்குத்தான் வரும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தோம்போலாவில் ஒரு நம்பரைக் கூவிவிட்டுத் திரும்பப் பையில் போட்டால் சங்கத்துக் கிழவர்கள் நாற்காலியைத் தூக்கி அடிப்பார்கள். கிறிஸ்துமஸ் தவறாமல் அந்தப் பையில் கைவிடுகிறவள் நெவியா. எடுத்து எடுத்து மேஜையில் அடுக்கிக் காட்டினாள் என்று ரஸ்மானே சொன்னார். குழுவே பார்த்துக்கொண்டிருந்தது, ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றாது. நானும்தான் மேஜையில் வைத்தேன்.

சவேரியோ முகத்தைத் துடைத்துக்கொண்டான். காற்று என்றான்.

"ஆஸ்பத்திரியில கண்ணைத் திறக்க முடியல எனக்கு. அவதான், நான் ப்ரோக்ராம் எழுதித் தரேன், எப்படின்னு சொல்லுன்னா. தோம்போலா மாதிரின்னு சொன்னேன். மாசத்தையெல்லாம் பையில போடு, குலுக்கு, எடுன்னேன். திரும்பப் போடுன்னு சொன்னேனா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் ஞாபகம் இல்லை. கணிப்பாளரோட குடும்பத்து ஆள் எழுதக்கூடாதுன்னு விதி, அதனால யார்கிட்டயும் சொல்லாதேன்னேன். அவளுக்கு இது தெரியாது மேடம். தன் கணக்கு சரின்னுதான் நினைச்சிட்டிருக்கா. தெரிய வேண்டாம்."

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

அவன் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான்.

"ஈஸ்டருக்கு முன்னாடி. படத்தை மாட்டினாங்க. வாசல்ல நுழையும்போதே பார்த்தேன். ஒரே கோடு. உடனே புரிஞ்சு போச்சு."

"அப்ப கட்டட ஃபண்ட் என்ன விலையில இருந்துச்சு?"

"வாங்கினதைவிட மேல."

நான் வாய்விட்டே கத்திவிட்டேன். "வித்திருக்கலாமேய்யா! அன்னைக்கே ஒரு காசு குறையாம வெளிய வந்திருக்கலாமே!"

"விக்கணும்னா ஏன்னு சொல்லணும். சொன்னா அவ பேரு வெளிய வரும். வேலை போகும். கொஞ்ச நாள் தாங்கிடுச்சுன்னா அடுத்த கணிப்புல சத்தமில்லாம சரி பண்ணிடலாம்னு..."

"அவ பேரு மட்டுமா?" என்றார் மேடம். "சரிபார்த்தேன்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

அவன் மறுபடி கடல் பக்கம் திரும்பினான். எனக்கு அவன் மேல் இருந்த பரிதாபமெல்லாம் அந்தக் காற்றோடு போயிற்று.

* * *

நெவியா அதே வரவேற்பறையில், அந்தப் படத்தின் கீழேயே காத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். சவேரியோ எங்கள் பின்னால் நாலடி தள்ளியே நின்றுகொண்டான்.

மேடத்துக்குப் பூசி மெழுகத் தெரியாது. "உன் புருஷன் திருடன் இல்லைம்மா," என்றார். "அது நிச்சயம், என்னால நிரூபிக்கவும் முடியும். ஆனா நிரூபிக்கணும்னா நான் ஒண்ணு சொல்லியாகணும். உனக்கு வலிக்கும்."

"சொல்லுங்க."

சொன்னார். நெவியா கேட்டுக்கொண்டாள். திரும்பிப் படத்தைப் பார்த்தாள். அவள் விரல்கள் காற்றில் எதையோ எடுத்து வைத்தன, எடுத்து வைத்தன. பிறகு நின்றன.

"திரும்பப் போடலை," என்றாள் மெல்ல. "நான் திரும்பப் போடவே இல்லை."

இதோடு உடைந்து விழுவாள் என்று நான் நாற்காலியை இழுத்தேன். அவள் உட்காரவில்லை. கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்கிறவள் அல்லவா, அடுத்த கேள்வி தானாக வந்தது.

"சவேரியோவுக்கு எப்ப தெரியும்?"

மேடம் நகர்ந்து, அவனைக் காட்டினார்.

"ஈஸ்டருக்கு முன்னாடி," என்றான் அவன். "நெவியா, உன்னைக் காப்பாத்தத்தான் நான்..."

அவள் கையை உயர்த்தினாள். அவன் நிறுத்திவிட்டான். மேலே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. குழு கூடிக்கொண்டிருந்தது.

"நீ இங்கயே இரு," என்று சொல்லிவிட்டு நெவியா படியேறினாள். மேடம் கூடப் போனார். நான் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அவள் அழவில்லை, நீட்டி முழக்கவில்லை. ப்ரோக்ராம் தான் எழுதியது, தவறு தன்னுடையது, லஞ்சம் எதுவும் இல்லை என்றாள். ரஸ்மான் பன்றித்தொடையைப் பற்றி ஆரம்பித்தார். அவருக்கு வந்த தொடையைப் பற்றி மேடம் ஞாபகப்படுத்தினார், அவர் உட்கார்ந்துவிட்டார். லஞ்சப் புகார் அங்கேயே செத்தது.

நெவியா அதோடு இறங்கி வந்திருக்கலாம். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. புருஷன் ஜெயிலுக்குப் போகமாட்டான், வந்த காரியம் முடிந்தது. ஆனால் அவள் நின்றாள்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றாள். "ஈஸ்டருக்கு முன்னாடியே சவேரியோவுக்குத் தப்பு தெரியும். அப்ப பணம் முழுசா இருந்துச்சு. அதையும் எழுதிக்கோங்க."

கீழே வந்தபோது சவேரியோ அதே இடத்தில்தான் நின்றான். அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

"அதையும் சொல்லிட்டியா? எதுக்கு நெவியா? என்னைத் திருடன் இல்லைன்னு சொல்லத்தானே போனே?"

"சொல்லிட்டேன். நீ திருடன் இல்லை."

"நான் உனக்காகத்தான் வாயை மூடிட்டு இருந்தேன்!"

"ஈஸ்டருக்கு முன்னாடியே நீ சொல்லியிருந்தா, நான் ஒரு ப்ரோக்ராமைத் தப்பா எழுதினவ, சவேரியோ. அவ்வளவுதான். வேலை போயிருக்கும், நாலு பேர் சிரிச்சிருப்பாங்க. நீ மூடி வெச்சு மூடி வெச்சு, இன்னைக்கு எங்கப்பா சோத்துல கை வெச்சவளா ஆக்கிட்டே."

அவன் கை நீட்டினான். அவள் விலகி, கோட்டைப் போட்டுக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

"டுல்லியோ, வண்டி இருக்கா? சான் ஜாக்கமோவுக்கு என்னைக் கொண்டுபோய் விடுங்க. அப்பா வீடு. கதவைத் திறப்பாரான்னு தெரியல. அவர் துப்ப வேண்டியது அந்தப் பலகையில இல்லைன்னு நானே போய்ச் சொல்லிடறேன்."

சாவியை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தேன்.